ஐஸ் காபி மேல் ஒரு விரற்கடை நுரை

டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கிறது. ஐஸ் தயார். ஆன்லைனில் வாங்கிய பேட்டரி ஃப்ராதர் கிர்ரென்று சுற்றுகிறது. பாலும் டம்ளர் விளிம்பு வரை பொங்கத்தான் செய்கிறது. அதைக் காபியின் மேல் ஊற்றிக் கூடத்துக்கு எடுத்து வருவதற்குள் ஓரத்தில் நாலைந்து குமிழிகள்தான் மிச்சம். மற்றதெல்லாம் பழையபடி பாலாகிக் கீழே இறங்கிவிட்டது. கஃபேயில் இதே நுரை கடைசி மடக்கு வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் யாருக்கும் வரும்.

சில இடங்களில் கலக்கிறார்கள்தான். ஆனால் எதையும் கலக்காமலே நுரையை நிறுத்தலாம். கோளாறு ஃப்ராதரில் இல்லை, கைப்பக்குவத்திலும் இல்லை. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, அந்தப் பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, இந்த இரண்டில்தான் சூட்சுமம்.

ஐஸ் காபிக்கு மேலே போடும் வெள்ளை நுரை இரண்டு விதம். ஒன்று புரதத்தால் நிற்பது. இன்னொன்று கொழுப்பால் நிற்பது. முன்னதற்குக் கொழுப்பு ஆகவே ஆகாது. பின்னதற்கு நூற்றுக்கு 30 பங்காவது கொழுப்பு இருந்தால்தான் விறைக்கும். நம் வீட்டு வாசலுக்கு வரும் பாலில் இருப்பது 3 முதல் 6 பங்கு. நுரை விஷயத்தில் அது இரண்டுங்கெட்டான்.

பாக்கெட்டின் நிறம்

ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். பச்சையில் 4.5. ஆரஞ்சில் 6. வேறு கம்பெனிப் பால் என்றாலும் டோன்டு, ஸ்டாண்டர்டைஸ்டு, ஃபுல் க்ரீம் என்று போட்டிருந்தால் குறைந்தபட்சக் கணக்கு இதேதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்தது. டபுள் டோன்டு என்றால் 1.5. கொழுப்பு நீக்கிய பாலில் 0.5-ஐத் தாண்டக் கூடாது.

காபிக்குப் பால் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஒரு வீம்பே உண்டு. தண்ணீர் கலக்காத பாலில் போட்டதுதான் டிகிரி காபி என்று பெருமை பேசுகிற ஊர் இது. சூடான ஃபில்டர் காபிக்கு அந்த வீம்பு முழுக்க நியாயம். சிக்கரியின் முரட்டுக் கசப்பைத் தணித்து நாக்கில் வழவழப்பைக் கொண்டுவருவது அந்தக் கொழுப்புதான். டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது நுரையும் எழுகிறது. சூட்டில் கொழுப்பு முழுக்க உருகியிருப்பதால் அப்போது அது அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. தவிர, அந்த நுரை இரண்டு நிமிடம் நின்றால் போதும். அதற்குள் காபி தொண்டைக்குள் இறங்கியிருக்கும்.

அதே பாலை ஆறவைத்துக் குளிர்காபிக்கு நுரைக்கப் போகும்போதுதான் வம்பு.

பசும்பாலில் புரதம் 3.3 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். மீதி வே புரதம். ஜிம்முக்குப் போகிற பையன்கள் பெரிய டப்பாவில் வாங்குகிறார்களே, அதேதான். பாலைக் கலக்கிக் காற்றைப் புகுத்தினால் இந்தப் புரதங்கள் ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சூழ்ந்து மெல்லிய தோலாகப் படிகின்றன. தோல் நிற்கிறவரை குமிழி நிற்கும். கொழுப்புத் துளி அந்தத் தோலில் வந்து ஒட்டி எண்ணெய்ப் படலமாகப் பரவினால் அந்த இடம் பலவீனப்பட்டு உடைந்துபோகும்.

பால் கொழுப்பு நெய்யைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிதல்ல. குறிப்பிட்ட ஒரு டிகிரியில் சட்டென்று உருகுகிற சமாசாரம் இல்லை அது. ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரியில் பெரும்பகுதி உறைந்திருக்கும். 40 டிகிரியைத் தாண்டினால் முழுக்க உருகிவிடும். நடுவில் பாதி மணலாகவும் பாதி எண்ணெயாகவும் கிடக்கும். உறைந்த மணல் குமிழியின் தோலைக் குத்துகிறது, உருகிய எண்ணெய் அந்தக் கிழிசலில் பரவுகிறது. நுரைக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. அது 25, 30 டிகிரி வாக்கில் வருகிறது. அதாவது, சாதாரண நாளில் நம் ஊர்ச் சமையலறையின் வெப்பநிலை. பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டு, ஃப்ராதருக்கு பேட்டரி எங்கே என்று தேடப் போனாலே காரியம் கெட்டுவிடும்.

சூடாக நுரைத்து ஐஸ் காபியின் மேல் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். சூட்டில் விரிந்திருக்கும் குமிழிக் காற்று குளிர்ந்ததும் சுருங்கும், நுரை அமுங்கும், ஐஸ் கரையும், காபி நீர்த்துப்போகும்.

வெயில் ஊர்க்காரர்களின் வேலை

குளிர்ந்த பாலையே நுரைத்துக் காபி மேல் போடுவதை அன்றாடப் பழக்கமாக ஆக்கியவர்கள் கிரேக்கர்கள். கோடையில் ஏதென்ஸ் 40 டிகிரியைத் தொடும். காபிக் கடை மேசையில் ஒரே கோப்பையோடு மணிக்கணக்காக உட்கார்ந்து அரசியல் பேசுவது அங்கே உரிமை. இந்த இரண்டும் சேர்ந்த ஊரில், சீக்கிரம் அமுங்காத குளிர்நுரையை யாராவது கண்டுபிடித்துத்தானே ஆக வேண்டும்.

தொடக்கம் தற்செயலானது. 1957-இல் தெசலோனிகி நகரின் சர்வதேசக் கண்காட்சியில் நெஸ்லே நிறுவனம் குழந்தைகளுக்கான சாக்லேட் பானம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தது. பாலோடு சேர்த்து மூடிய பாத்திரத்தில் குலுக்கினால் பானம் ரெடி. அங்கே வேலையில் இருந்த டிமிட்ரிஸ் வகொண்டியோஸுக்கு இடைவேளையில் காபி வேண்டும், வெந்நீர் கிடைக்கவில்லை. இன்ஸ்டன்ட் காபித் தூளையும் தண்ணீரையும் ஐஸையும் அதே குலுக்குப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினார். மேலே கனமான நுரை திரண்டது. ஃப்ராப்பே பிறந்த கதை இதுதான். இங்கே நுரைத்தது பால் அல்ல, காபியே. இன்ஸ்டன்ட் தூளில் காபியின் எண்ணெய் அநேகமாக இருக்காது. அதனால் அந்த நுரைக்குப் பகை இல்லை. கொழுப்பு இல்லாத இடத்தில் நுரை நிற்கும் என்ற அதே கணக்கு.

1990-களில் எஸ்பிரசோ இயந்திரங்கள் கிரேக்கக் கடைகளில் பரவியபோது ஃப்ரெட்டோ காப்புச்சினோ வந்தது. சூடான எஸ்பிரசோவை ஐஸோடு மிக்சரில் அடித்துக் குளிர்விப்பார்கள். அதன் மேல் தனியாக அடித்த குளிர்ந்த பால் நுரையைக் கரண்டியால் தடுத்து மெதுவாக இறக்குவார்கள். அந்த நுரைக்கு அங்கே அஃப்ரோகாலா என்று பெயர். நன்றாகச் செய்தது தயிர்ப் பதத்தில் வழுவழுப்பாக இருக்கும். குமிழி கண்ணுக்கே தெரியாது. கொழுப்பு குறைந்த பால், கை வைத்தால் சில்லிடும் குளிர்ச்சி, தண்டின் நுனியில் சிறு சக்கரம் சுழலும் மிக்சர். அவ்வளவுதான் அவர்கள் ஆயுதம்.

அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் 2014-இல் சியாட்டில் நகரின் தன் ரிசர்வ் கடையில் கோல்டு ஃபோம் என்ற பெயரில் குளிர்நுரையைப் பரிமாறத் தொடங்கியது. 2018-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அவர்களும் முதலில் அடித்தது கொழுப்பு நீக்கிய பாலைத்தான். ஆடை நீக்கிய பாலை ஏளனமாகப் பார்க்கும் நம் கண்ணுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

இனி நம் அடுப்படி

கொழுப்பு நீக்கிய பால் தெருமுனைக் கடையில் கிடைத்தால் அதையே வாங்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில் இருக்கும். கிடைக்காவிட்டால் டபுள் டோன்டு. அதுவும் இல்லையென்றால் நீல பாக்கெட். அதைக் காய்ச்சி, ஆறவைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் மேலே படிந்த ஆடையை முழுக்க எடுத்துவிட வேண்டும். எடுத்தது போதாது, வடிகட்டவும் வேண்டும். ஆடைத் துணுக்கு ஒன்று மிதந்தாலும் ஃப்ராதரின் சுருளில் சுற்றிக்கொள்ளும். ஆரஞ்சு பாக்கெட்டை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். எருமைப் பால் பேச்சே கிடையாது.

அடுத்து, மெனக்கெடாமல் பலன் தரும் ஒரு வேலை: பாலில் புரதத்தைக் கூட்டுவது. கொழுப்பு நீக்கிய பால் பவுடர், அதாவது ஸ்கிம்டு மில்க் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதமே. 100 மில்லி பாலுக்கு இரண்டு டீஸ்பூன் சேர்த்துக் கட்டி இல்லாமல் கரைத்து, மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நீல பாக்கெட் பால்கூட அதன்பின் ஒழுங்காக நடந்துகொள்ளும். டீ, காபிக்கென்று விற்கும் டெய்ரி ஒயிட்னர் இதற்கு உதவாது. பெரும்பாலானவற்றில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

கறந்த பாலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனில் நெடுந்தூரம் குலுங்கி, வெயிலில் நின்று வரும் பாலில், அதிலேயே உள்ள ஒரு நொதி கொழுப்பைச் சிறிது சிறிதாக உடைத்திருக்கும். காய்ச்சினால் நொதி செத்துப்போகும். உடைந்த கொழுப்பு அமிலங்கள் அப்படியே இருக்கும். பால் திரியாது, வாடையும் பெரிதாகத் தெரியாது, ஆனால் நுரைக்க மறுக்கும். அந்தப் பாலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தயிருக்கு உறை ஊற்றிவிடலாம்.

பாத்திரம். பலருடைய நுரை இங்கேதான் சாகிறது. நேற்றுத் தேங்காய்ச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரை என்னதான் கழுவினாலும் ரப்பர் வளையத்தின் அடியில் எண்ணெய் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் டப்பா எண்ணெயை எளிதில் விடாது. கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. எவர்சில்வர் டம்ளரைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஃப்ராதர் ஓடும் நேரம் முழுக்கப் பால் சூடேறாமல் காக்கும். டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால் ஊற்றக் கூடாது. நுரை இரண்டு மடங்காகக் கிளம்பும்.

கருவி எதுவானாலும் சரி. பேட்டரி ஃப்ராதர் என்றால் அதன் சுருளை முதலில் பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே பிடித்துக் காற்றை இழுக்க விட வேண்டும். பால் உயர்ந்ததும் ஆழத்துக்கு இறக்கிப் பெரிய குமிழிகளைச் சிறிதாக்க வேண்டும். மொத்தம் அரை நிமிடம், அதிகம் போனால் முக்கால். ஃப்ரெஞ்ச் பிரஸ் வைத்திருப்பவர்கள் அதிருஷ்டசாலிகள். அதன் கம்பி வலையை இருபது முப்பது தடவை மேலும் கீழும் குத்தினால் கஃபே நுரைக்கு மிக நெருங்கிய ஒன்று கிடைக்கும். என் கணிப்பில் வீட்டுக் கருவிகளில் இதுதான் முதலிடம். மூடியுள்ள ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கை வலிக்கக் குலுக்கினாலும் நுரை வரும். ஆனால் குமிழி பெரிது, ஆயுசு குறைவு. மிக்ஸியில் பிளேடு ஓடினால் பால் சூடேறிவிடும். விப்பர் பிளேடைப் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, கூடவே ஓர் ஐஸ் கட்டியும் போடுவது நல்லது.

மத்தை யாரும் நினைப்பதே இல்லை. குறுகிய வாய் உள்ள சொம்பில், பவுடர் கரைத்த சில்லென்ற பாலை ஊற்றி, உள்ளங்கைகளுக்கிடையே மத்தை உருட்டிக் கடைந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நல்ல நுரை திரளும். கிரேக்கக் கடைக்காரரின் மிக்சர் செய்கிற வேலையும் இதுதான், வேகம் மட்டும் அதிகம். மோர் கடைந்த மத்து வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். மரத்தில் வெண்ணெய் ஊறியிருக்கும்.

சர்க்கரையை எப்போது சேர்ப்பது? நுரைக்கு முன் நிறையச் சேர்த்தால் பால் கனத்து, காற்று ஏற நேரம் பிடிக்கும். நுரைத்தபின் குருணையாகத் தூவினால் குமிழிகளை உடைத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். பாதி நுரைத்த கட்டத்தில் ஒரு டீஸ்பூன் பாகு ஊற்றுவது சரியான வழி. சர்க்கரைப் பாகு நீர் வடிவதைத் தாமதப்படுத்துவதால் நுரை கூடுதலாகச் சிறிது நேரம் நிற்கும். கருப்பட்டிப் பாகும் ஊற்றலாம். கொதிக்கும் பாலில் அது சில சமயம் திரித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இங்கே பயப்பட வேண்டியதில்லை. பால் சில்லென்று இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பாருங்கள். உப்பு கசப்பை அமுக்கும். காபி இனிப்பாகிவிட்ட மாதிரி தோன்றும்.

நுரைத்தவுடன் ஊற்றிவிடாமல் அரை நிமிடம் விட்டு, டம்ளரை மேடையில் இரண்டு தட்டு தட்டி, ஒரு சுற்று சுழற்ற வேண்டும். பெரிய குமிழிகள் உடைந்து, மிச்சம் பட்டாகச் சேர்ந்துகொள்ளும். அடியில் நிற்கும் பாலை விட்டுவிட்டு மேல் நுரையைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டுக் காபியின் மேல் இறக்குங்கள்.

அந்தக் காபி எப்படி இருக்க வேண்டும் என்றால், முந்தைய இரவே இறக்கிக் குளிரவைத்த முதல் டிகாக்‌ஷனாக. சூட்டோடு ஐஸில் ஊற்றினால் பாதி ஐஸ் அங்கேயே தீர்ந்தது. 60 மில்லி டிகாக்‌ஷன், பாகு, டம்ளர் நிறைய ஐஸ், கொஞ்சம் தண்ணீர் அல்லது பால். குளிர்ந்த காபியில் சர்க்கரை சீக்கிரம் கரையாது, அதனால் இங்கும் பாகுதான். ஸ்ட்ரா வேண்டாம். உதட்டில் நுரை பட, அதனூடே கசப்பு வர வேண்டும்.

மறுகரை: க்ரீம்

இப்போது எதிர்த்திசைக்குப் போகலாம். வியன்னாவின் பழைய காபிக் கடைகளில் ஐன்ஷ்பானர் என்ற கறுப்புக் காபியின் மேல் குவியலாக நிற்குமே, அது க்ரீம் நுரை. குளிர்காபியோடு அதே பெயரில் இன்று தென்கொரியக் கஃபேக்களில் அமோகமாக விற்கிறது. இங்கே குமிழியைத் தாங்குவது புரதம் அல்ல. க்ரீமை அடிக்கும்போது பாதி உறைந்த கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. பாலில் குமிழியை உடைத்த அதே கொழுப்பு, அளவு மீறிப் பெருகியதும் காவலுக்கு வந்துவிடுகிறது.

அதற்கு 30 சதவீதக் கொழுப்பும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியும் வேண்டும். மளிகைக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் இருப்பது 25 சதவீதம். எவ்வளவு அடித்தாலும் நிமிர்ந்து நிற்காது என்று கேக் செய்கிறவர்கள் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். காபிக்கு நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்த அந்த க்ரீமை லேசாகக் காற்றேறும் வரை அடித்து, ஊற்றுப் பதத்தில் நிறுத்தினால் டம்ளருக்கு அது தாராளம். கொழுப்பு கூடிய விப்பிங் க்ரீம் கிடைத்தால், இரண்டு பங்கு க்ரீமுக்கு ஒரு பங்கு பால், இனிப்புக்குப் பாகு. ஸ்வீட் க்ரீம் என்று கஃபேக்கள் ஊற்றுவது ஏறக்குறைய இதைத்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கேக் கடைகளுக்கென்று விற்கும் விப்பிங் டாப்பிங் பலவற்றில் பால் கொழுப்பு கிடையாது, ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்தான். வெயிலிலும் கம்பீரமாக நிற்கும். குடித்தபின் அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டிக்கொள்வதும் அதுதான். நல்ல டிகாக்‌ஷனின் தலையில் அதைக் கவிழ்ப்பதற்கு வெறும் ஐஸ் காபியே மேல்.

இந்தக் க்ரீம் கரையில் இன்னும் சில உறவினர்கள் உண்டு. தைவானில் 2010 வாக்கில் இரவுச் சந்தைகளில் தொடங்கிய உப்புச் சீஸ் நுரை. வியட்நாமின் ஹுவே நகரில் அதே காலத்தில் வந்த உப்புக் காபி. அதற்கும் முன்னால், 1946-இல் பால் தட்டுப்பாட்டின்போது ஹனோயில் நுயென் வான் ஜியாங் முட்டை மஞ்சள் கருவை அடித்துக் காபி மேல் போட்டார். அந்தக் குடும்பத்தின் கடை இன்றும் நடக்கிறது. பச்சை முட்டை என்பதால் வீட்டில் செய்து பாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

2020 ஊரடங்கில் வீடெங்கும் அடித்த டல்கோனா காபி இந்த வரிசையில் சேராது. மக்காவ் கஃபே ஒன்றில் குடித்ததைத் தென்கொரிய நடிகர் ஜங் இல்-வூ ஜனவரியில் தொலைக்காட்சியில் காட்ட, உலகமே கரண்டியைத் தூக்கியது. வட இந்திய வீடுகளில் அதற்குப் பல காலம் முன்பிருந்தே இன்ஸ்டன்ட் காபியையும் சர்க்கரையையும் சொட்டுத் தண்ணீரில் குழைத்து அடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே காபி நுரை, கீழே பால். நாம் பேசுவது நேர் தலைகீழ்.

மாட்டுப் பால் வேண்டாம் என்பவர்களுக்கு சோயா பால் ஏமாற்றாது. புரதம் ஏறக்குறைய பசும்பால் அளவுக்கே இருக்கிறது. பெட்டியில் வரும் பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு, நுரையும் அதற்கேற்ப. தேங்காயின் முதல் பாலை இரவு முழுக்கக் குளிரவைத்தால் மேலே கெட்டியாகத் திரளும். அதை மட்டும் வழித்து அடித்தால் க்ரீம் வகையைச் சேர்ந்த மேல்பூச்சு கிடைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறிக்கு அடியில் இதை வைத்துக்கொண்டு கதை பேச முடியாது.

க்ரீம் அடிக்கும்போது கை சற்று ஏமாந்தால் என்ன ஆகும் என்பதைப் பாட்டிமார்கள் நன்றாக அறிவார்கள். பளபளப்பு போய்ச் சொரசொரப்பு தட்டும். இன்னும் நாலு சுற்று சுற்றினால் கொழுப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, நீர் தனியே பிரிந்து, கிண்ணத்தில் வெண்ணெய் மிதக்கும். பாகு சேர்ப்பதற்கு முன்பே அப்படி ஆகியிருந்தால் கவலை இல்லை. ஐஸ் தண்ணீரில் இரண்டு முறை அலசி உருட்டி எடுத்து வைத்துக்கொண்டு, அன்று ராத்திரி அடைக்கு மாவு அரைத்துவிடலாம்.